கல்கத்தா கிட்டாரும் சென்னை யமஹாவும்

சிதம்பரத்தை அடுத்த கீரப்பாளையம் பக்கம் முப்பது நாற்பது வருடத்துக்கு முன்னால் ஒரு வீட்டில் கிட்டார் இருந்தால், அது கல்கத்தாவிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். தலையில் கிவ்சன் என்றோ ஹோப்னர் என்றோ எழுதியிருக்கும். முதல் பெயரைக் கேட்டால் அமெரிக்காவின் கிப்சன் ஞாபகம் வரும், இரண்டாவது ஜெர்மன் பெயர் மாதிரி ஒலிக்கும், சரக்கு மட்டும் வங்காளத்துச் சரக்கு. இன்றைக்குப் புவனகிரி பஸ்ஸில் கறுப்புப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஏறும் கல்லூரிப் பையனிடம் இருப்பது பெரும்பாலும் யமஹா. ‘ஜப்பான் கிட்டார்’ என்று பெருமையாகச் சொல்வான். சென்னைக்குத் தெற்கே ஒன்ஹப் தொழிற்பூங்காவில் 2019 முதல் யமஹாவின் இசைக்கருவித் தொழிற்சாலை ஓடுகிறது, எஃப்280 மாதிரியான கிட்டார்கள் அங்கேயே தயாராகின்றன என்று சொன்னால் முகம் லேசாகச் சுருங்கும். அன்றைக்கு இந்தியக் கிட்டாருக்கு வெள்ளைக்காரப் பெயர் தேவைப்பட்டது. இன்றைக்கு நம் ஊர்க்காரர்கள் செய்த கிட்டாரை ஜப்பான் என்று நம்பினால்தான் திருப்தி.

ஏன் கல்கத்தா? அங்கே சித்பூர் ரோடு, லால்பஜார் பக்கம் ஆர்மோனியமும் சிதாரும் செய்யும் பட்டறைகள் தலைமுறை தலைமுறையாக இருந்தன. அதோடு வங்காளிகளுக்கு ஹவாய் கிட்டார்மேல் ஒரு மோகம். ஹவாயிலிருந்து வந்த டௌ மோ 1940களில் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கி வாசித்தார், சொல்லியும் கொடுத்தார். ரவீந்திர சங்கீதத்தையே ஹவாய் கிட்டாரில் வாசித்து ரெக்கார்டு போடுகிற அளவுக்கு அது அங்கே வேர் பிடித்தது. ஹவாய் கிட்டாரை மடியில் படுக்கவைத்து, கம்பிமேல் இரும்புத் துண்டை வழுக்கி வாசிப்பார்கள். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டியான ஃபிரெட்டில் விரலால் அமுக்கவே வேண்டாம், கம்பி எவ்வளவு உயரத்தில் நின்றாலும் நல்லதுதான். அதைச் செய்து கை பழகிய பட்டறைகளிலிருந்து வந்த சாதாரண கிட்டாரிலும் கம்பி உயரமாக நின்றதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இது என் ஊகம்தான், சாட்சி கிடையாது.

வேறு வழியும் அன்றைக்கு இல்லை. தாராளமயம் வந்த 1991க்கு முன்னால் வெளிநாட்டுக் கிட்டார் வேண்டுமென்றால் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ யாராவது சொந்தக்காரர் இருக்க வேண்டும். நுகர்பொருள் இறக்குமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாடுகள் முழுசாக நீங்கியது 2001 ஏப்ரலில். அதன் பிறகுதான் இந்தோனேசியாவில் செய்த யமஹா எஃப்310 நம் ஊர்க் கடைகளில் சகஜமாகத் தொங்க ஆரம்பித்தது.

என் மாமா ஒருவர் மெல்லிசைக் குழுவில் வாசித்தவர். தீமிதி, காதுகுத்து, கல்யாண ரிசப்ஷன் எதையும் விட்டதில்லை. அவருடைய கல்கத்தா கிட்டார் இன்னும் வீட்டுப் பரணில் இருக்கிறது. தலையில் இருந்த பெயர் உரிந்து எந்தக் கம்பெனி என்றே தெரியாது. போன பொங்கலுக்கு அதை இறக்கிப் புதுக் கம்பி போட்டு, எதிர்வீட்டுப் பையனின் எஃப்280க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

முதலில் கண்ணில் படுவது கம்பி எங்கே போய் முடிகிறது என்பது. மாமாவின் கிட்டாரில் ஆறு கம்பியும், அவற்றைத் தாங்கும் பிரிட்ஜைத் தாண்டி, பெட்டியின் அடிப்பக்கம் அறைந்திருக்கும் ஒரு தகரத் தகட்டில் மாட்டியிருக்கின்றன. இதற்கு டெயில்பீஸ் என்று பெயர். பிரிட்ஜ் ஒட்டப்படவில்லை, கம்பியின் அழுத்தத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறது, வயலின் குதிரை மாதிரி. கையால் இடித்தால் நகர்ந்துவிடும். நகர்ந்தால் 12ஆம் ஃபிரெட்டில் வரவேண்டிய மேல் ஸ்தாயி சேராது. அதனால் மாமா பிரிட்ஜின் இரண்டு ஓரத்திலும் பென்சிலால் கோடு கிழித்து வைத்திருக்கிறார். கோடு இன்னும் மங்காமல் இருக்கிறது, பக்கத்திலேயே பழைய கோடு ஒன்றும் பாதி அழிந்து கிடக்கிறது. யமஹாவில் பிரிட்ஜ் மேல்பலகையோடு ஒட்டியது. ஆறு கம்பியின் இழுவை, மெல்லிய ‘லைட்’ கம்பி செட் போட்டாலே எழுபது கிலோவுக்குக் குறையாது, அத்தனையும் அந்த மெல்லிய பலகைமேல் வந்து விழுகிறது. அது பிய்த்துக்கொண்டு வராமல் இருக்க உள்ளே எக்ஸ் வடிவத்தில் சட்டங்கள் ஒட்டியிருப்பார்கள், அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 19ஆம் நூற்றாண்டில் பழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை. ஒலி வேறுபாட்டில் பாதி இங்கேயே முடிந்துவிடுகிறது. டெயில்பீஸ் கிட்டாரில் பலகை மேலிருந்து அமுக்கப்படுகிறது, தட்டினால் ‘டண்’ என்று எழுந்து உடனே அடங்கும். ஒட்டிய பிரிட்ஜில் பலகை முன்னும் பின்னும் ஆடுகிறது, சத்தம் நின்று கரைகிறது.

பையன் மாமாவின் கிட்டாரை வாங்கி எஃப் கார்டு பிடித்துப் பார்த்தான். முதல் ஃபிரெட்டில் ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்கவைத்து அமுக்க வேண்டிய கார்டு அது. கிட்டார் கற்கப் போய்ப் பாதியில் விட்டவர்களில் பலர் விட்ட இடம் அதுதான். இரண்டு கம்பிதான் பேசியது, மற்றதெல்லாம் ‘டப் டப்’ என்றது.

“பெரியப்பா, இதுல எப்படி வாசிச்சாங்க? கை ஒடிஞ்சிடும் போலருக்கு.”

ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். 12ஆம் ஃபிரெட்டில் கம்பிக்கும் கட்டைக்கும் நடுவே ஐந்து மில்லிமீட்டர் இருந்தது. அவனுடைய யமஹாவில் அதில் பாதிதான். தலைப்பக்கம் கம்பி உட்காரும் நட்டின் வெட்டுகளும் மாமாவுடையதில் ஆழமே இல்லை, முதல் ஃபிரெட்டில் அமுக்கக் கஷ்டம் அங்கிருந்தே வருகிறது. இதோடு யமஹாவின் எஃப்310, எஃப்280 இரண்டிலும் கம்பியின் பேசும் நீளம் 634 மில்லிமீட்டர். மார்ட்டின் பாணிப் பெரிய கிட்டார்களில் இது 645 வரும். பதினொரு மில்லி குறைந்தால் அதே சுருதிக்குக் கம்பி அவ்வளவு விறைக்க வேண்டியதில்லை. புதிதாகப் படிக்கிறவனின் விரல் நுனிக்கு இது எவ்வளவு பெரிய சலுகை என்று, கொப்புளம் வந்து காய்த்துப்போன மாமா தலைமுறையைத்தான் கேட்க வேண்டும்.

கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிரஸ் ராடு என்பார்கள். அதைத் திருகினால் வளைந்த கழுத்து நிமிரும். அதற்கு 1920களில் காப்புரிமை வாங்கியது அமெரிக்காவின் கிப்சன் கம்பெனி. நம்முடைய பழைய மலிவு கிட்டார்கள் பலவற்றில் திருகி நிமிர்த்த வழியே கிடையாது. வெள்ளாற்றங்கரை ஊருக்கு இது சின்ன விஷயமல்ல. சுற்றிலும் வயல், கிழக்கே பரங்கிப்பேட்டைக் கடல், ஐப்பசி கார்த்திகையில் வீட்டுக் கதவே உப்பி மூட மாட்டேன் என்னும். கிட்டார் மரம் மட்டும் சும்மா இருக்குமா? மழைக்காலத்தில் பலகை உப்பும், கம்பி இன்னும் ஏறும், கோடையில் கழுத்து ஒரு பக்கம் இழுக்கும். கம்பி ஒரு மாதத்தில் துருப்பிடிக்கும். மாமா கச்சேரி முடிந்ததும் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் கம்பியைத் துடைத்து வைப்பார். மரத்துக்கு அது ஆகாது, ஆனால் கம்பி மிஞ்சியது. யமஹாவும் இந்த ஈரத்தில் அசையத்தான் செய்கிறது. ஆனால் ஆலன் கீயை விட்டுக் கால் திருகு திருகினால் வழிக்கு வந்துவிடுகிறது.

ஒலி விஷயத்தில் கடைக்காரர்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். ‘இது ஒரிஜினல் மரம் சார், பழசெல்லாம் பிளைவுட்’ என்பார்கள். எஃப்310இன் மேல்பலகையும் ஸ்ப்ரூஸ் மரத்தின் பிளைதான். ஒரே துண்டு ஸ்ப்ரூஸ் பலகை வேண்டுமென்றால் அவர்களுடைய எஃப்ஜி800க்குப் போக வேண்டும். அதனால் மாமாவின் கிட்டாருக்கும் பையனின் கிட்டாருக்கும் ஒலியில் இருக்கும் வித்தியாசத்தை மரத்தின் தலையில் மட்டும் கட்ட முடியாது. சட்டம், பலகையின் கனம், பிரிட்ஜ் நின்ற விதம், எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை அது. பையனுடையதில் அடிக்கம்பி கனமாக, மேல்கம்பி தெளிவாக, எல்லாக் கம்பியும் ஒரே அளவாகப் பேசுகிறது. போனில் பதிவு செய்தால் அழகாக விழுகிறது. மாமாவுடையதில் அடிக்கம்பிக்கு அடிவயிறே இல்லை. நடுக்குரல் மட்டும் முன்னுக்கு வந்து கொஞ்சம் கரகரக்கும். ஆனால் மைக் ஒன்றே ஒன்று இருந்த பந்தலில், தபேலாவுக்கும் ஆர்மோனியத்துக்கும் மேலே கேட்டது அந்தக் கரகரப்புதான். 1982இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ வந்தபோது ‘இளைய நிலா’வின் ஆரம்பத்தை ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவே கடைசி வரிசைவரை கொண்டுபோய்ச் சேர்த்ததும் அதேதான். அதே ஆரம்பத்தைப் பையன் இப்போது யூடியூப் பார்த்துப் படிக்கிறான். மாமாவைவிடச் சுத்தமாக வாசிக்கிறான் என்பதை மறைக்க முடியாது. கருவி கையோடு சண்டை போடாததால் ஆறே மாதத்தில் வந்த சுத்தம்.

யமஹா வந்ததில் ஒரு தொழில் போயிற்று. சிதம்பரத்தில் வீணை, மிருதங்கம் பழுதுபார்ப்பவர்களில் கிட்டாரையும் தொடுகிற ஆள் ஒருவர் இருந்தார். எலும்புத் துண்டை அரம் போட்டு ராவி நட்டாக்குவார், பிரிட்ஜின் அடியைத் தேய்த்துக் கம்பியை இறக்குவார், எழும்பிய ஃபிரெட்டைச் சுத்தியலால் தட்டி உட்காரவைப்பார். கல்கத்தாக் கிட்டார் கடையில் வாங்கியதோடு முடியாது, அவர் கை பட்ட பிறகுதான் கிட்டாராகும். அவர் கை பட்ட கிட்டாரையும் படாத கிட்டாரையும் ஒரே விலைக்கு வாங்கினவர்கள் அடுத்தடுத்த தெருவில் இருந்தார்கள், ஒருவர் கச்சேரிக்குப் போனார், இன்னொருவர் பரணில் போட்டார். இப்போது அந்த வேலை தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகிறது. பத்து யமஹாவை எடுத்தால் பத்தும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது. தரம் என்று நான் சொல்வது இதைத்தான், மினுமினுப்பை அல்ல.

கிவ்சன் இன்னும் இருக்கிறது, யமஹாவைவிடக் குறைந்த விலையில் விற்கிறது. ஒட்டிய பிரிட்ஜ், டிரஸ் ராடு எல்லாம் வந்த மாடல்களும் கிடைக்கின்றன. கடையில் வாங்கப் போகிறவர்கள் 12ஆம் ஃபிரெட்டில் கண்ணை வைத்துக் கம்பியின் உயரத்தைப் பாருங்கள், எஃப் கார்டு பிடிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறு கம்பியும் பேசினால் எந்தப் பெயரானாலும் எடுக்கலாம். கையில் காசு இருந்தால் யமஹா, யோசிக்கவே வேண்டாம். குறைவாக இருந்தால் கிவ்சன் வாங்கி, மிச்சத்தில் நட்டை ராவித் தரத் தெரிந்த ஆளைத் தேடுங்கள். கீரப்பாளையத்திலோ சிதம்பரத்திலோ அகப்படவில்லையென்றால் பாண்டிச்சேரிக்கோ சென்னைக்கோ எடுத்துப் போக வேண்டியிருக்கும், அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள்.