பால் ஒத்துக்கொள்ளாது, தயிர் ஒத்துக்கொள்ளும்... ஏன்? வயிற்றுக்குள் நொதிகள் செய்யும் வேலை!

ஒரு வாய் வெறும் சோற்றை எடுத்து, விழுங்காமல் ஒரு நிமிடம் மென்றுகொண்டே இருங்கள். லேசாக இனிக்கத் தொடங்கும். உமிழ்நீரிலுள்ள அமைலேஸ் என்ற நொதி, சோற்றின் மாவுச்சத்தை உடைத்து மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றுவதுதான் காரணம். ஆம், செரிமானம் வாயிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

உணவை, குடல் உறிஞ்சக்கூடிய சிறு துண்டுகளாக உடைத்துத் தருவதே செரிமான நொதிகளின் வேலை. ஆனால், ஒரே நொதி எல்லாவற்றையும் உடைக்காது. மாவுச்சத்துக்கு ஒன்று, புரதத்துக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று எனத் தனித்தனி நொதிகள் உண்டு. அதனால்தான் 'செரிக்கவில்லை' என்ற ஒரே புகாருக்குப் பின்னால் வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம்.

இரைப்பை ஏன் தன்னையே செரிப்பதில்லை?

பருப்பு, முட்டை, மீனில் உள்ள புரதத்தை இரைப்பையில் உடைக்கத் தொடங்குவது பெப்சின். இரைப்பைச் சுவரிலும் புரதம் இருக்கிறதே, அதை ஏன் விட்டுவைக்கிறது? பெப்சின் செயல்படாத வடிவில்தான் சுரக்கிறது. அமிலம் பட்ட பிறகே வேலையைத் தொடங்குகிறது. இரைப்பைச் சுவரை ஒரு சளிப்படலமும் காக்கிறது.

கணையம் கவனம்!

செரிமானத்தின் பெரும்பகுதி சிறுகுடலில்தான் நடக்கிறது. கணையம் தினமும் 1 லிட்டருக்கும் அதிகமான சாற்றை அங்கே அனுப்புகிறது. அதில் மாவுச்சத்துக்கு அமைலேஸ், புரதத்துக்கு டிரிப்சின், கொழுப்புக்கு லைபேஸ் இருக்கின்றன. பித்தநீர் நொதி அல்ல. ஆனால், நெய்யையும் எண்ணெயையும் சிறு துளிகளாகப் பிரித்து லைபேஸின் வேலையை அது எளிதாக்குகிறது.

டிரிப்சின் குடலுக்கு வந்த பிறகுதான் செயல்பட வேண்டும். கணையத்துக்குள்ளேயே செயல்பட ஆரம்பித்தால் கணையத்தையே தாக்கும். அதுதான் கணைய அழற்சி, உயிருக்கே ஆபத்தாகலாம். பித்தப்பைக் கல்லும் மதுப்பழக்கமும் இதற்கு முக்கியக் காரணங்கள்.

பாலுக்கு மட்டும் என்ன பிரச்னை?

பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைப்பது, சிறுகுடல் சுவரிலுள்ள லாக்டேஸ். குழந்தைப் பருவத்துக்குப் பிறகு உலகில் பெரும்பாலானவர்களுக்கு இது குறைந்துவிடுகிறது. உடையாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போக, அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைக்கின்றன. விளைவு, வாயு, உப்புசம், சிலருக்கு வயிற்றுப்போக்கு.

தயிரில் லாக்டோஸின் ஒரு பகுதியை பாக்டீரியாக்கள் ஏற்கெனவே உடைத்துவிடுகின்றன. அதனால்தான் பால் ஒத்துக்கொள்ளாத பலருக்கும் தயிர் ஒத்துக்கொள்கிறது. இவர்கள் பாலைக் குறைத்தாலும் தயிர், மோர், கேழ்வரகு, கீரை மூலம் கால்சியம் பெறலாம்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

* மலம் எண்ணெய்ப் பிசுக்குடன், கடும் நாற்றத்தோடு தொடர்ந்து போனால்
* காரணமில்லாமல் உடல் எடை குறைந்தால்
* மலத்தில் ரத்தம் வந்தால், அல்லது கறுப்பாகப் போனால்
* மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பரவும் கடும் வலி இருந்தால் (உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்)

மருந்துக்கடையில் நாமாகவே நொதி மாத்திரையோ சிரப்போ வாங்கிக் குடித்துக்கொண்டே இருந்தால், உண்மையான காரணம் தெரியாமலே நாள் கடந்துவிடும். அதற்குப் பதில், எதைச் சாப்பிட்டால் என்ன தொந்தரவு வருகிறது என்று இரண்டு வாரம் குறித்து வையுங்கள். மருத்துவருக்கு அந்தக் குறிப்பு பெரிய உதவி.