கன்டெய்னர் ஏன் நழுவுவதில்லை?

சென்னைத் துறைமுகக் கிரேனில் தொங்கும் கன்டெய்னரைப் பாருங்கள். பிரேக் விட்ட நொடியில் அது கீழே நழுவக் கூடாது. மோட்டார் சுழலாமலே முழு எடையையும் தாங்கியாக வேண்டும்.

மோட்டாரின் வேகத்தை ஆளும் சாதாரண டிரைவ் 50 ஹெர்ட்ஸுக்கு 415 வோல்ட் என்ற விகிதத்தை மட்டும் காக்கும். வேகம் குறைந்தால் வோல்ட்டும் குறையும். அந்தச் சொற்பத்தையும் சுருள்கம்பியின் மின்தடை தின்றுவிட, காந்தப்புலம் தளர்ந்து முறுக்குவிசை சரியும். மெதுவாகச் சுற்றும்போது சுமையே குறைந்துவிடுகிற பம்புக்கு இது தாராளம்.

கிரேனுக்கு வெக்டர் கட்டுப்பாடுதான் வேண்டும். மின்னோட்டத்தில் காந்தத்துக்கு ஒரு பங்கு, விசைக்கு ஒரு பங்கு எனப் பிரித்து ஆளும் முறை இது. மோட்டாரின் சுழலும் பகுதியான ரோட்டர் எங்கே நிற்கிறது என்பதை என்கோடர் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும்.

எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் 2001 முதல் இறங்கும் நிலக்கரி, பெல்ட்டில் அனல்மின் நிலையத்துக்குப் போகிறது. கரி சுமந்தபடி நின்றுபோன பெல்ட்டைக் கிளப்பவும் வெக்டர் வேண்டும்; ஆனால் கரித்தூள் பறக்கும் இடத்தில் நான் என்கோடர் இல்லாத வெக்டரையே எடுப்பேன்.