நரிக்குடி வெயிலும் நாட்டு மின்சாரமும்



"தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திப்புடுவேன்" என்று சினிமாவிலும் சரி, அரசு அலுவலகங்களிலும் சரி, ஒரு மிரட்டல் உண்டு. அந்தக் காடு எங்கேயோ இல்லை. நம்ம நரிக்குடி, திருச்சுழி, கமுதி, முதுகுளத்தூர் வட்டாரம்தான். கிருதுமால் என்று பெயருக்கு ஒரு நதி இருக்கிறது. கண்மாய் பெருகுகிற வருஷம் மிளகாய், மல்லி, பருத்தி. பெருகாத வருஷம் கருவேல விறகு. ஆனால் யாரிடமும் மனுக் கொடுக்காமல் வருஷம் பூராவும் கிடைக்கிற பொருள் ஒன்று உண்டு. அதுதான் வெயில்!

அந்த வெயிலுக்கு 2016-ல் ஒரு விலை வந்தது. நமக்குத் தெற்கே, பக்கத்து ஊரான கமுதியில், சுமார் 2,500 ஏக்கரில், ஏறத்தாழ 25 லட்சம் சோலார் தகடுகளோடு 648 மெகாவாட் நிலையத்தை அதானி நிறுவனம் எழுப்பியது. எட்டே மாதத்தில் வேலை முடிந்தது. ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின் நிலையங்களில் உலகிலேயே பெரியது என்று அப்போது பேசப்பட்டது. பிறகு ராஜஸ்தானின் பட்லா போன்றவை அதைத் தாண்டிவிட்டன. அது போகட்டும். 'இவ்வளவு பெரிய நிலையம் வந்தாச்சே, இன்னும் ஏன் நிலக்கரி எரிக்கிறாங்க?' என்று டீக்கடையில் கேட்கிறார்களே, அந்தக் கேள்விக்கு டிப்ளமோ படிக்கும் நம்மால் பதில் சொல்ல முடிய வேண்டாமா?

மெகாவாட் வேறு, யூனிட் வேறு

648 மெகாவாட் என்றதும், 'கூடங்குளத்து அணு உலை ஒன்று 1,000 மெகாவாட், அதில் முக்கால் பங்குகூட இல்லையே' என்று கணக்குப் போடத் தோன்றும். அந்தக் கணக்கும் தப்பு. மெகாவாட் என்பது ஒரு நொடியில் எவ்வளவு தர முடியும் என்கிற திறன். நமக்கு பில் வருவது யூனிட்டில்.

ஒரு கிலோவாட் தகடு நம்ம ஊர் வெயிலில் நாளொன்றுக்கு நாலிலிருந்து ஐந்து யூனிட் தரும். நாலரை என்று வைத்துக்கொண்டால் 648 மெகாவாட்டுக்கு ஒரு நாளில் சுமார் 29 லட்சம் யூனிட். ஆயிரம் மெகாவாட் உலை ஒன்று நாள் முழுக்க முழுச் சுமையில் ஓடினால் 240 லட்சம் யூனிட். ஆக, எட்டில் ஒரு பங்குதான் தேறுகிறது.

சூரியசக்தியைக் குறைத்துப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அந்த 29 லட்சம் யூனிட் அவ்வளவு மின்சாரத்துக்கு மாற்றாக நின்றால் தினமும் சுமார் 2,000 டன் கரியமில வாயு மிச்சம். லாரிக் கணக்கில் யோசித்துப் பாருங்கள்!

இதே குழப்பம்தான் பத்திரிகைச் செய்தியிலும் வருகிறது. நாட்டின் மின் நிறுவுதிறனில் பாதி இப்போது நிலக்கரி, எரிவாயு, டீசல் சாராதது என்று 2025 ஜூலையில் மத்திய அரசு அறிவித்தது. செய்தி உண்மைதான். ஆனால் உற்பத்தியான யூனிட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கு அப்போதும் நிலக்கரியில் இருந்துதான் வந்தது. இதுவும் உண்மை. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று புரிந்தவர்தான் 2021-ல் கிளாஸ்கோவில் இந்தியா சொன்ன 2070 இலக்கைப் பற்றிப் பேச முடியும். அதாவது, வெளியேற்றும் கரியமில வாயுவும் திரும்ப உறிஞ்சப்படுவதும் சரிக்குச் சரியாகும் நிலை. புரியாதவர் சண்டைதான் போட முடியும்.

வெயில் ஏறினால் கரண்ட் ஏறுமா?

ஏறாது சார்! சிலிக்கான் தகட்டின் சூடு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் அதன் திறன் சுமார் 0.4 சதவீதம் குறையும். புதுத் தகடுகளில் இது கொஞ்சம் குறைவு. அக்னி நட்சத்திர உச்சி வெயிலில் தகட்டின் சூடு 65 டிகிரி போனால் 16 சதவீதம் நஷ்டம். தகட்டுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. காற்று சிலுசிலுவென்று அடிக்கும் தெளிவான நாள்தான் அதற்குத் திருநாள்.

விழும் ஒளியில் ஐந்தில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி சூடாகிறது. அதனால், "தகடு போட்டதால ஊரே கொதிக்குதுப்பா" என்று பெரியவர்கள் சொல்லும்போது சிரித்துவிட்டுப் போகக்கூடாது. அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் அளந்து பார்த்து 2016-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். தகடுகள் நிற்கும் இடத்தில் இரவு நேரச் சூடு, பக்கத்துப் பாலைநிலத்தைவிட 3 முதல் 4 டிகிரி கூடுதலாக இருந்தது. அது நிலையத்துக்கு உள்ளே. பல மைல் தள்ளியிருக்கும் மழை மேகத்தைத் தகடு விரட்டும் என்று அந்த ஆய்வில் இல்லை. ஆக, பெரியவர் சொல்வதில் பாதி சரி, பாதி வதந்தி. எது எந்தப் பாதி என்று அளந்து சொல்வதுதான் ஆராய்ச்சி.

விலையிலும் இப்படித்தான். கமுதி மின்சாரத்துக்கு மின்வாரியம் ஒப்புக்கொண்டது யூனிட் 7 ரூபாய் 1 காசு. இரண்டே வருஷத்தில், 2017-ல், தமிழ்நாட்டு டெண்டரில் விலை 3 ரூபாய் 47 காசுக்கு இறங்கியது. "முன்னாடியே காத்திருந்தா லாபம்" என்பார்கள். எல்லாரும் காத்திருந்தால் விலை இறங்கியிருக்குமா? என்னைக் கேட்டால், பழைய விலை ஏன் அவ்வளவு என்று கேட்பதும் நியாயம், சூரியசக்தி என்றாலே விலை அதிகம் என்று இன்றும் சொல்லிக்கொண்டிருப்பது அநியாயம்.

சாயங்காலம்தான் சோதனை

மத்தியானம் 12 மணிக்குத் தகடுகள் கொட்டித் தள்ளும். சாயங்காலம் ஆறரைக்கு, வீட்டுக்கு வீடு லைட், ஃபேன், டி.வி. போடும் நேரத்தில், சூரியன் 'நான் வர்றேன்' என்று கிளம்பிவிடும். இந்த ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்தால் வாத்து உட்கார்ந்திருப்பது போல் தெரியும். கலிஃபோர்னியாவில் இதற்கு 'வாத்து வளைவு' என்றே பெயர் வைத்தார்கள்.

இந்த வாத்தை மேய்ப்பது யார்? அனல் நிலையம்தான். பகலில் சுமையைக் குறைத்து, சாயங்காலம் சடாரென்று ஏற்ற வேண்டும். நிலக்கரிக் கொதிகலன் ஸ்கூட்டர் இல்லை, ஆக்ஸிலேட்டரைத் திருகினதும் பாய. பாதிச் சுமைக்கும் கீழே இறக்கினால் உலைத் தீ நிலையாக எரியாது. சூடேறிச் சூடேறி ஆறுவதால் குழாய்களின் உலோகம் களைத்துப்போகும். அப்படியும் 40 சதவீதம் வரை இறங்கப் பழக வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையம் 2023-ல் விதி செய்தது. மெக்கானிக்கல் நண்பர்களே, உங்கள் பாடப்புத்தகத்து 'தெர்மல் ஸ்ட்ரெஸ்' இங்கேதான் இருக்கிறது.

மாற்று வழி, பகல் மின்சாரத்தைச் சேர்த்து வைப்பது. கோவை மாவட்டம் காடம்பாறையில் 1980-களின் கடைசியிலேயே நாலு நூறு மெகாவாட் இயந்திரங்களோடு இதைச் செய்தார்கள். மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கிச் சுழற்றுவது. அப்போது மிஞ்சியது ராத்திரி மின்சாரம். இப்போது மிஞ்சுவது மத்தியானத்தில். இயந்திரம் அதேதான், கடிகாரம்தான் மாறிவிட்டது.

சேர்த்து வைக்க இடமில்லாதபோது, 'உற்பத்தியை நிறுத்து' என்று சோலார் நிலையங்களுக்கு உத்தரவு போகும். தமிழ்நாட்டில் இது வழக்கானது. மின்தொகுப்பின் பாதுகாப்புக்காக நிறுத்தினார்களா, விலை பார்த்து நிறுத்தினார்களா என்பதுதான் கேள்வி. மின்சாரத்துக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தொகுப்பின் பதிவுகளை ஆராயச் செய்து, 2021-ல் உற்பத்தியாளர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. லாக் புக்கில் எழுதிய எண்கள் கோர்ட் வரை போகும். எலெக்ட்ரிகல் நண்பர்கள் இதை மறக்கவேண்டாம்!

கரி மூட்டக்காரர் கணக்கு

கார்பன், கார்பன் என்கிறோமே, நம்ம ஊரில் கார்பனைக் கையால் தொட்டுப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கண்மாயையும் தரிசையும் அடைத்துக் கிடக்கும் சீமைக்கருவேலத்தை வெட்டி, அடுக்கி, மண் பூசி, மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறவர்கள். மழை பொய்த்த வருஷத்தில் அடுப்பு எரிவது அந்தக் கூலியில்தான். பெரிய சோலார் நிலையத்தைக் கட்டும்போது சுமார் 8,500 பேருக்கு வேலை இருந்தது. கட்டி முடித்தபின் தகடு துடைக்கக்கூட ரோபோ வந்துவிட்டது. நிலத்தை விற்றவருக்குப் பணம் வந்தது, சரி. அந்த நிலத்தில் விறகு வெட்டியவருக்கு என்ன வந்தது? 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை ஒழிக்கச் சொன்னபோதும் இதே கேள்விதான் எழுந்தது.

மூட்டத்திலும் ஆராய்ச்சிக்கு இடம் இருக்கிறது. மண் மூட்டத்தில் நாலைந்து டன் விறகு போட்டால் ஒரு டன் கரி. மிச்சம் புகை, அதில் மீத்தேனும் உண்டு. மரம் மறுபடி துளிர்க்கும், அதனால் கரியமில வாயுக் கணக்கு நேராகிவிடும் என்பார்கள். கரியமில வாயுவைப் பொறுத்தவரை ஓரளவு சரி. ஆனால் மீத்தேன் அதைவிடப் பல மடங்கு சூடேற்றும் வாயு. புகையை மறுபடி எரிக்கிற இரும்பு உலை இருந்தால் அதே விறகில் கூடுதல் கரியும் கிடைக்கும், மூட்டக்காரர் நெஞ்சிலும் புகை ஏறாது. அப்படி ஒன்றை நம் வொர்க்ஷாப்பில் வெல்டிங் செய்ய ஆகிற செலவு, ஒரு கல்லூரி விழா பந்தலைவிட அதிகம் ஆகாது என்று நினைக்கிறேன்.

இறுதியாண்டு பிராஜெக்டுக்குத் தலைப்புத் தேடுகிறவர்களுக்கு இதோ இரண்டு. ஒன்று, தகடுகள் உள்ள காட்டின் ஓரம், அரைக் கிலோமீட்டர் தள்ளி ஒரு தரிசு, ஒரு கண்மாய்க் கரை என மூன்று இடத்தில் தெர்மோகப்பிள் வைத்து மாசி முதல் ஆனி வரை இரவுச் சூட்டைப் பதிவு செய்வது. மூன்றையும் தரையிலிருந்து ஒரே உயரத்தில், நிழற்பெட்டிக்குள் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மண்ணின் சூட்டை அளந்துவிட்டுக் காற்றின் சூடு என்று எழுதிவிடுவோம்.

இரண்டாவது, ஒரு மூட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை அளப்பது. உள்ளே போகும் விறகை எடை போடுவதற்கு முன் ஒரு துண்டை வெட்டி, காய வைத்து, ஈரம் எத்தனை சதவீதம் என்று கழிக்க வேண்டும். தூர்க்கட்டையைத் தனியாகவும் கிளை விறகைத் தனியாகவும் எடை போடுங்கள். தூர்க்கரிக்கு விலை வேறு. அது மூட்டக்காரருக்கு நன்றாகத் தெரியும், நோட்டுப் புத்தகத்தோடு போய் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.