கேட்டுச் சாப்பிடுவதில் என்ன வெட்கம்?

சென்ற ஆண்டு அம்மாவுக்கு 60 வயது நிறைந்தது. தேக்காவில் வழக்கமாகப் போகும் வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்கே போய்விடலாம் என்றார் அப்பா. நானும் தம்பியும் விடவில்லை. எங்களைப் படிக்க வைத்து ஆளாக்கியவர்களை ஒருநாளாவது வெள்ளைத் துணி விரித்த மேசையில் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எங்கள் இருவருக்கும் இருந்தது.

நகர மையத்தில் உயர்ந்த மாடி ஒன்றில் இருந்த உணவகத்தில் மதிய உணவுக்கு முன்பதிவு செய்தேன். இணையப் படிவத்தில் ‘உணவுக் கட்டுப்பாடு ஏதும் உண்டா?’ என்று ஒரு கட்டம் இருந்தது. அவசரத்தில் அதை வெறுமையாக விட்டுவிட்டேன். அது புரட்டாசி மாதம். அம்மா அந்த மாதம் முழுவதும் அசைவத்தைத் தொடமாட்டார். திருமணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

மேசையில் அமர்ந்ததும், பரிமாற வந்த இளைஞர் அதே கேள்வியைக் கனிவாகக் கேட்டார். அம்மாவின் விரதத்தை அவரிடம் ஆங்கிலத்தில் எப்படி விளக்குவது, பக்கத்து மேசைக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று ஒரு கணம் தயங்கினேன். “ஒன்றும் இல்லை” என்று சொல்லிவிட்டேன். பட்டியலைப் பார்த்துக் காய்கறியாகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் போதாதா என்ற நினைப்பு.

முதலில் காளான் சூப் வந்தது. அம்மா கரண்டியை எடுக்கும் முன் மெதுவாகக் கேட்டார்: “இதுல கறி ஏதும் இல்லதானே? அந்தத் தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேளேன்.”

“காளான்தாம்மா. சும்மா குடிங்க” என்றேன். குரலில் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது.

அப்பா குடிக்கச் சுடுதண்ணீர் கேட்க வாயெடுத்தபோதும் கண்ணால் தடுத்தேன்.

அம்மா பாதிச் சூப்பைக் குடித்து முடித்திருந்தார். தம்பி சும்மா இருக்காமல், “சூப் ரொம்ப ருசி, எப்படிச் செய்கிறார்கள்?” என்று அந்த இளைஞரிடம் கேட்டான். அவர் பெருமையாகச் சொன்னார், வறுத்த கோழி எலும்பைப் பல மணி நேரம் கொதிக்க வைத்து எடுத்த சாறுதான் அதன் அடிப்படை என்று. அம்மாவுக்கு அந்த ஆங்கில விளக்கம் முழுதும் புரிந்திருக்காது. ‘சிக்கன்’ என்ற சொல் புரிந்தது. கரண்டியைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டார்.

விவரம் தெரிந்ததும் மேலாளர் ஓடி வந்தார். தம்முடைய தவறே இல்லாத ஒன்றுக்குப் பலமுறை மன்னிப்புக் கேட்டார். பத்து நிமிடத்தில் அம்மாவுக்கு வேறு உணவு வந்தது. அம்மா என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “அந்தப் பிள்ளைங்க சரியாத்தான் கேட்டாங்க. அவங்கள ஏன் மன்னிப்புக் கேக்க வைக்கிற?”

வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டு விளக்கேற்றினார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முள்கரண்டி அல்ல சிக்கல்

உயர்தர உணவகம் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் வரும் பயம் முள்கரண்டியும் கத்தியும்தான். உண்மையில் அது அரை மணி நேரத்தில் பழகிவிடும் வேலை. மேசையில் எத்தனை கரண்டி இருந்தாலும் வெளியே இருப்பதை முதலில் எடுத்து, ஒவ்வொரு உணவுக்கும் உள்நோக்கி வந்தால் சரி. ரொட்டித் தட்டு இடப்பக்கம், தண்ணீர்க் குவளை வலப்பக்கம். கைத்துண்டை மடியில் விரித்துக்கொள்ளலாம். சாப்பிட்டு முடித்ததும் கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் இணையாகச் சேர்த்து வைத்தால், எடுத்துச் செல்லலாம் என்று பொருள்.

இத்தனை கரண்டிகளுக்கும் காரணம் உண்டு. ஐரோப்பிய விருந்துகளிலும் ஒரு காலத்தில் எல்லா உணவையும் மேசையில் ஒன்றாகப் பரப்பித்தான் வைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில்தான், ஒன்றன்பின் ஒன்றாகச் சூடாகக் கொண்டுவந்து வைக்கும் ‘ரஷ்ய முறை’ பிரான்சில் பரவியது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கரண்டி என்ற ஏற்பாடு அதனுடன் சேர்ந்து வந்தது.

இலையின் நுனி எப்பக்கம் இருக்க வேண்டும், உப்பை எங்கே வைக்க வேண்டும், எதற்குப் பிறகு ரசம், எதற்குப் பிறகு மோர், இலையை எப்படி மூட வேண்டும் என்று நம் பந்திக்கும் முறை உண்டு. வீட்டுக்கு வீடு சற்று மாறும். முதன்முறை இலையில் சாப்பிடும் சீன நண்பர் தடுமாறினால் நாம் சிரிப்பதில்லை, சொல்லிக் கொடுக்கிறோம். அந்த உணவக ஊழியர்களும் அப்படித்தான். தெரியாததைச் சொல்லிக் கொடுப்பது அவர்கள் வேலையின் ஒரு பகுதி.

பந்தியில் நாம் வாய் மூடி உட்கார்ந்திருப்பதும் இல்லை. “கொஞ்சம் சாம்பார்”, “அது வேண்டாம்”, “போதும் போதும்” என்று இலைமேல் கையை நீட்டித் தடுப்பது எல்லாம் விருந்தாளியின் உரிமை. கேட்டுக் கேட்டுப் பரிமாறுவது பரிமாறுபவரின் பண்பு. இவ்வளவு நல்ல பழக்கத்தை அன்று மின்தூக்கியில் ஏறும்போதே நான் கீழே விட்டுவிட்டுப் போயிருந்தேன்.

‘காய்கறி’ என்றால் ‘சைவம்’ அல்ல

அந்த அனுபவத்துக்குப் பிறகு சிலவற்றைத் தெரிந்துகொண்டேன். பெற்றோரை அழைத்துச் செல்ல நினைப்பவர்களுக்கு உதவும்.

மேற்கத்திய சமையலில் பல சாறுகளுக்கும் குழம்புகளுக்கும் அடித்தளம் எலும்புச் சாறு. குறிப்பாகப் பிரெஞ்சுச் சமையலில் கன்றின் எலும்பை மணிக்கணக்கில் கொதிக்க வைத்து எடுக்கும் சாறு மிகவும் பரவலானது. மாட்டிறைச்சி சாப்பிடாதவர் கோழியைத் தேர்ந்தெடுத்தாலும், மேலே ஊற்றும் குழம்பில் அது இருக்கலாம். ‘மாட்டிறைச்சி வேண்டாம்’ என்பதுடன் ‘அதன் எலும்புச் சாறும் வேண்டாம்’ என்றும் சேர்த்துச் சொல்வது நல்லது.

ஜெல்லி போன்ற இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கக்கூடும். பார்மசான் பாலாடைக்கட்டி தயாரிப்பில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் உறைபொருள் சேர்கிறது. தாய்லாந்து, வியட்னாமியச் சமையலில் மீன் சாறும், மலாய், பெரனாக்கான் சமையலில் பெலாச்சானும் காய்கறி உணவிலும் இருக்கும். மேற்கத்தியர் சொல்லும் சைவத்தில் பெரும்பாலும் முட்டை அடங்கும். முஸ்லிம் நண்பர்கள் உடன் வந்தால் ஹலால் சான்றிதழ் உள்ளதா என்பதோடு, குழம்பிலும் இனிப்பிலும் மது சேர்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

இதையெல்லாம் மேசையில் அமர்ந்த பிறகு சொன்னால் சமையலறைக்குச் சிரமம். முன்பதிவின்போதே எழுதிவிட்டு, ஓரிரு நாள் முன்னதாகத் தொலைபேசியிலும் உறுதிசெய்துகொள்ளலாம். ‘சைவம்’ என்று ஒரே சொல்லில் முடிக்காமல், இறைச்சி, மீன், முட்டை, எலும்புச் சாறு எதுவும் ஆகாது என்று பிரித்துச் சொன்னால் குழப்பம் வராது. பல சுற்றுகளாகப் பரிமாறும் சில உணவகங்களால் முழுச் சைவம் தர முடியாது. அதை முன்பே தெரிந்துகொண்டால் வேறு இடம் பார்க்கலாம்.

பல சுற்று உணவு இரண்டரை, மூன்று மணி நேரம்கூட நீளும். முக்கிய உணவு வர நேரமாகும். நீரிழிவுக்கு மருந்து எடுத்துக்கொள்ளும் அப்பா, அம்மா இருந்தால் இதையும் சொல்லிவையுங்கள். அவர்களுக்கு மதிய உணவு பெரும்பாலும் வசதி. சுற்றுகள் குறைவு, விலையும் இரவைவிடக் குறைவு.

கூட்டல் குறி இரண்டு

எங்கள் அப்பாவுக்கு அன்று சூப்பைவிடக் கசந்தது கட்டணச் சீட்டு. பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் ‘++’ என்று இருந்தால் சேவைக் கட்டணமும் பொருள் சேவை வரியும் தனி என்று பொருள். சிங்கப்பூரில் சேவைக் கட்டணம் வழக்கமாக 10 விழுக்காடு. பொருள் சேவை வரி 2024 ஜனவரி முதல் 9 விழுக்காடு. இந்த 9 விழுக்காடு, சேவைக் கட்டணத்தையும் சேர்த்த தொகையின்மீது கணக்கிடப்படுகிறது.

ஆளுக்கு 68 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். நால்வருக்கு 272 வெள்ளி. சேவைக் கட்டணம் சேர்ந்து 299 வெள்ளி 20 காசு. வரியும் சேர்ந்தால் 326 வெள்ளி 13 காசு. மனத்தில் 272 என்று போட்டு வந்தவருக்கு 54 வெள்ளி கூடுதல். சுருக்கமாக, பட்டியல் விலையோடு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

தண்ணீரும் கவனிக்க வேண்டியது. “சாதாரணத் தண்ணீரா, வாயுத் தண்ணீரா?” என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டுமே காசு கொடுத்து வாங்கும் புட்டிகள். குழாய்த் தண்ணீர் போதும் என்று சொல்வதில் எந்தக் குறைவும் இல்லை. ‘இன்றைய சிறப்பு’ என்று வாயால் சொல்லப்படும் உணவின் விலையையும் கேட்டுவிடுங்கள். முன்பதிவுக்குக் கடன்பற்று அட்டை எண் கேட்டிருந்தால், வராமல் போனால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் படித்துவிடுங்கள். சேவைக் கட்டணம் இருப்பதால் இங்கே தனியாக அன்பளிப்புத் தரும் கட்டாயம் இல்லை.

நட்சத்திரமும் நம் சமையலும்

விலைதான் தரம் என்றும் நினைக்க வேண்டாம். 1900ல் பிரான்சில் கார் ஓட்டுநர்களுக்கான கையேடாக ஒரு டயர் நிறுவனம் தொடங்கியதே மிச்சலின் வழிகாட்டி. அதன் நட்சத்திரங்கள் தட்டில் இருப்பதற்கு மட்டுமே. மேசைத் துணிக்கும் சரவிளக்குக்கும் மதிப்பெண் கிடையாது. 2016ல் சிங்கப்பூருக்கான முதல் பதிப்பு வந்தபோது, சைனாடவுன் உணவங்காடி நிலையத்தில் 2 வெள்ளிக்குச் சோயா சாஸ் கோழிச் சோறு விற்ற கடைக்கும் ஒரு நட்சத்திரம் கிடைத்தது. அதே ஆண்டில் ‘சாங் ஆஃப் இந்தியா’ என்ற இந்திய உணவகமும் நட்சத்திரம் பெற்றது.

நம் சமையல் அந்த மேசைக்கு ஏறாது என்ற எண்ணமும் மாறிவருகிறது. பினாங்கில் பிறந்த மனோ தேவர் 2018ல் கியோங் சைக் சாலையில் தொடங்கிய ‘தேவர்’ உணவகம் 2021ல் ஒரு நட்சத்திரமும் 2022ல் இரண்டு நட்சத்திரமும் பெற்றது. கோலாலம்பூரில் தமிழ்நாடு, கேரளம், இலங்கைச் சுவைகளை வைத்துப் பல சுற்று விருந்து படைக்கிறது ‘நாடோடி’. நியூயார்க்கின் ‘செம்ம’ உணவகத்தில் தமிழ்நாட்டுக் கிராமத்து நத்தைப் பிரட்டலைப் பரிமாறும் விஜய்குமார், 2025ல் அமெரிக்காவின் ஜேம்ஸ் பியர்ட் விருதை வென்றார். பாட்டி வீட்டுச் சமையலை வெளியே சொல்லக் கூச்சப்பட்டிருந்தால் இவை எதுவும் நடந்திருக்காது.

மீண்டும் ஒரு புரட்டாசி

இவ்வாண்டு அதே மாதத்தில் அம்மாவை மறுபடியும் அழைத்தேன். “தேக்காவே போதும்மா” என்றார். நான் கெஞ்சித்தான் கூட்டிப்போனேன், வேறோர் உணவகத்துக்கு. இம்முறை ஒரு வாரம் முன்பே மின்னஞ்சல் அனுப்பி, முந்தைய நாள் தொலைபேசியிலும் பேசியிருந்தேன். விரதம் என்பதை விளக்க எனக்கு இரண்டே வாக்கியம்தான் தேவைப்பட்டது. மறுமுனையில் இருந்த பெண், “வெங்காயம், பூண்டு சேர்க்கலாமா?” என்று திருப்பிக் கேட்டார். நான் யோசிக்காத கேள்வி அது.

அம்மாவுக்கென்று தனிப் பட்டியல் அச்சிட்டு வைத்திருந்தார்கள். வாழ்நாளெல்லாம் எங்கள் எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியாகச் சாப்பிட்டவர் அவர். அன்று முதல் தட்டு அவருக்குத்தான் வந்தது. கை கால் எங்கே வைப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

“என்ன போட்டிருக்குன்னு கேளுங்கம்மா” என்றேன்.

கேட்டார். பாதித் தமிழ், பாதி ஆங்கிலம். பீட்ரூட்டை எப்படி இவ்வளவு மெல்லிதாக வெட்டினார்கள் என்றும் கேட்டார். அப்பா சுடுதண்ணீர் கேட்டார், இரண்டு முறை. இரண்டு முறையும் சிரித்த முகத்தோடு வந்தது.

கடைசியில் இனிப்பு வைக்க வந்த ஊழியரிடம் அம்மா ஆங்கிலத்தில் கேட்டார்: “நீங்க சாப்பிட்டாச்சா?” அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு, கடை திறக்கும் முன்பே எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிடுவோம் என்றார். அம்மா தலையாட்டினார். அதன் பிறகுதான் இனிப்பைத் தொட்டார்.