மூன்றாம் இலக்க ஜெர்சியிலிருந்து தொடங்குங்கள்

கொம்பனித்தெருவில் விளையாட்டு என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வருவது உதைபந்தாட்டம்தான். ஜாவா லேன் கழகத்தின் பெயர் நாடு முழுக்கத் தெரியும். மலே வீதியின் சிட்டி லீக் மைதானத்தில் ஆடிப் பழகியவர்கள் இந்தப் பகுதியில் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். ஆனால் றக்பியும் இங்கே அந்நியமில்லை. ரைபிள் கிரீன் திடல், மலே சிப்பாய்கள் பெருமளவில் இருந்த இலங்கை ரைபிள் படைப்பிரிவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்த மலே சமூகத்துப் பிள்ளைகள் பலர் ஸாஹிரா, இசிபதன போன்ற பள்ளிகளுக்காகவும் பின்னர் கழகங்களுக்காகவும் றக்பி ஆடியிருக்கிறார்கள். லோங்டன் பிளேஸிலுள்ள சி.ஆர். அன்ட் எஃப்.சி., மெயிட்லண்ட் கிரெசன்டிலுள்ள சி.எச். அன்ட் எஃப்.சி., ஹெவ்லொக் பார்க் என்று மூன்று கழகங்களின் மைதானங்களுக்கும் இங்கிருந்து முச்சக்கர வண்டியில் சிறிது நேரத்தில் போய்விடலாம்.

இலங்கைக்கு றக்பி வந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகப்போகிறது. கொழும்பு உதைபந்தாட்டக் கழகம் 1879 ஜூன் 28ஆம் திகதி தொடங்கப்பட்டது. இரண்டே நாளில், ஜூன் 30ஆம் திகதி, முதல் றக்பி ஆட்டம் நடந்தது. இவ்வளவு பழைய விளையாட்டில் நம் ரசிகர்கள் இன்றும் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனையே பார்க்கிறார்கள். அவன் ஓடுவதற்கு வழி செய்துவிட்டுச் சேற்றில் முகம் புதைந்து கிடக்கிறவர்களை யாரும் பார்ப்பதில்லை. ஒரு கழகம் தொடர்ந்து தோற்கும்போது நிர்வாகமும் அதே தவறைச் செய்கிறது: ஓரத்தில் ஓடும் வேகமான ஒரு விங்கரைத் தேடிப் பணத்தைக் கொட்டுகிறது. குறை இருப்பதோ முன்வரிசையில். அந்த முன்வரிசை எப்படி வேலை செய்கிறது, உடைந்துபோனால் அதை எப்படித் திரும்பக் கட்டுவது என்பதுதான் இந்தக் கட்டுரை.

சிறு தவறுக்குப் பிறகு ஆட்டத்தை மீண்டும் தொடங்கும் முறைதான் ஸ்க்ரம். இரு பக்கமும் எட்டு எட்டுப் பேர் பிணைந்து, குனிந்து, தோளோடு தோள் முட்டித் தள்ளுவார்கள். நடுவிலுள்ள இடைவெளியில் பந்து உருட்டிவிடப்படும். எட்டுப் பேரும் மூன்று வரிசையாக நிற்பார்கள். முன்வரிசையில் மூவர்: 1ஆம் இலக்கம் லூஸ்ஹெட் ப்ரொப், 2 ஹூக்கர், 3 டைட்ஹெட் ப்ரொப். அவர்களுக்குப் பின்னால் நடுவில் 4, 5 ஆகிய இரண்டு லொக்குகளும் இரு ஓரங்களில் 6, 7 ஆகிய ஃப்ளாங்கர்களும். கடைசியில் தனியாக, இரண்டு லொக்குகளின் இடுப்புக்கு நடுவே தலையைக் கொடுத்தபடி 8.

1, 3 இரண்டுமே ப்ரொப்தானே, இடம் மாற்றி நிறுத்தினால் என்ன என்று கேட்கிறவர்கள் உண்டு. இரு அணிகளும் முட்டும்போது ஒவ்வொருவர் தலையும் எதிரணியில் தனக்கு இடப்பக்கமாக உள்ள இடைவெளியில் போகும். அதனால் 1ஆம் இலக்கக்காரருடைய தலையின் ஒரு பக்கம் வெளியே, காற்றோட்டமாக இருக்கும். பாரம் ஒரு தோளில் மட்டும். 3ஆம் இலக்கக்காரருடைய தலையோ எதிரணியின் ப்ரொப்புக்கும் ஹூக்கருக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும். அவருடைய ஒரு தோளை ஒருவரும் மறு தோளை இன்னொருவரும் தள்ளுவார்கள். பின்னாலிருந்து சொந்த அணியின் லொக்கும் தள்ளுவார். இரு பக்கத்து விசையும் அவருடைய முதுகெலும்பு வழியாகவே போகும். அவர் நிலைத்தால் ஸ்க்ரம் நிலைக்கும். அவர் ஒரு சாண் மடங்கினால் மற்ற ஏழு பேரின் பலமும் மண்ணுக்குள் போகும். முன்வரிசையைக் கட்ட விரும்புகிறவர் 3ஆம் இலக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்த விசை எவ்வளவு? இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், விசையை அளக்கும் கருவிகள் பொருத்திய ஸ்க்ரம் இயந்திரத்தில் வெவ்வேறு தரத்து அணிகளை முட்டவைத்து அளந்தார்கள். சர்வதேச ஆண்கள் அணி மோதும் கணத்தில் உச்ச விசை ஏறத்தாழ 16,500 நியூட்டன். ஒன்றரை டன்னுக்கும் மேற்பட்ட எடைக்குச் சமம் அது. மோதிய பிறகு நிதானமாகத் தள்ளும்போது 8,300 நியூட்டன் வரை. கழுத்து எலும்புகள் தாங்க வேண்டிய பாரம் இது என்று உணர்ந்ததால்தான் 2013இல் நடைமுறை மாற்றப்பட்டது. இப்போது நடுவர் 'க்ரவுச், பைண்ட், செட்' என்று மூன்று கட்டமாக அழைப்பார். மோதுவதற்கு முன்பே ப்ரொப்புகள் எதிராளியின் ஜெர்சியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தூரத்திலிருந்து பாய்ந்து முட்டும் பழக்கம் இதனால் ஒழிந்தது. மோதல் விசை சுமார் 25 விழுக்காடு குறைந்தது. 19 வயதுக்குட்பட்டோர் ஆட்டங்களில் ஒன்றரை மீற்றருக்கு மேல் தள்ளவே கூடாது என்பது விதி.

எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு ஆய்வு. 2000ஆம் ஆண்டில் நியூசிலாந்து ஆய்வாளர்களான குவாரியும் வில்சனும் ஸ்க்ரம்மில் நிற்கும் முன்கள வீரர்களை முதலில் தனித்தனியாக இயந்திரத்தைத் தள்ளச் சொன்னார்கள். ஒருவரின் சராசரி விசை 1,420 நியூட்டன். பிறகு எட்டுப் பேரையும் சேர்ந்து தள்ளச் சொன்னார்கள். கிடைத்தது தனித்தனி விசைகளின் கூட்டுத்தொகையில் ஏறத்தாழ 65 விழுக்காடுதான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எங்கே போயிற்று? பிடி தளர்ந்த இடத்தில், இடுப்பு வெளியே விலகிய இடத்தில், ஒருவர் அரைக் கணம் பிந்தித் தள்ளிய இடத்தில் கரைந்துபோயிற்று. ஆடிவேல் விழாவில் தேர் வடம் பிடித்தவர்களுக்கு இது புரியும். ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் வடம் ஆடுமே தவிர தேர் நகராது.

இங்கேதான் கழகங்களின் கணக்குப் பிழைக்கிறது. பெரிய உடம்புக்காரர் ஒருவரைக் கூடுதல் சம்பளத்துக்கு எடுத்தால் 1,420 என்பது 1,700 ஆகலாம். ஆனால் வீணாகும் அந்த 35 விழுக்காட்டில் பத்தை மீட்டாலே அதைவிடப் பல மடங்கு இலாபம். அதை மீட்பது பணமல்ல, பழக்கம்.

அந்தப் பழக்கம் எப்படி வருகிறது என்பதைப் பள்ளி மைதானம் ஒன்றில் பயிற்சி நடக்கும்போது அருகில் நின்று பார்த்தால் விளங்கும். ஸ்க்ரம் இயந்திரம் என்பது பெரிய தொழில்நுட்பமெல்லாம் இல்லை. வழுக்கிப் போகும் இரும்புச் சட்டம், முன்னால் தோள் கொடுப்பதற்குத் தடித்த மெத்தைகள், அவற்றின் பின்னால் சுருள்வில், மேலே ஒரு தட்டு. பாரத்துக்காக அந்தத் தட்டில் மாற்று வீரர்கள் நாலைந்து பேர் ஏறி நிற்பார்கள். மழை பெய்த புல்லில் அது சுலபமாக நகரும்; காய்ந்த தரையில் அசையாது. பயிற்றுநர் இயந்திரத்தைப் பார்ப்பதே இல்லை. பையன்களின் பாதங்களைத்தான் பார்ப்பார். "தம்பி, குதிகாலை வெளியே திருப்பாத. ஆணி எல்லாம் மண்ணுக்குள்ள போகோணும்." பாதம் நேராக இருந்தால்தான் சப்பாத்தின் அத்தனை ஆணியும் தரையைப் பற்றும். முழங்கால் முழுக்க மடங்கியும் இருக்கக் கூடாது, நீட்டியும் இருக்கக் கூடாது. இடுப்பு தோளைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். முதுகு பலகைபோல நேராக, நாடி சற்று உயர்ந்து, பார்வை முன்னால். முதுகு வளைந்த பையனுக்குப் பின்னாலிருந்து வரும் விசை அந்த வளைவில் மேல்நோக்கித் திரும்பிவிடும். அவன் துள்ளி எழும்பிவிடுவான். ஒரே பயிற்சியில் இதை நூறு தடவை பார்க்கலாம். காதைச் சுற்றி நாடா ஒட்டிக்கொண்டு, வலியைக் காட்டிக்கொள்ளாமல், திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வந்து குனியும் அந்தப் பையன்கள்மேல் எனக்குள்ள மதிப்பு கொஞ்சமல்ல.

பிடியும் அப்படித்தான். லொக் தன் தோளை ப்ரொப்பின் பிட்டத்துக்குக் கீழே வைத்து, கையை அவருடைய கால்களுக்கிடையே கொடுத்து இடுப்புப் பட்டியைப் பற்றுவார். ஃப்ளாங்கர் ஓரத்திலிருந்து உள்நோக்கித் தள்ளி ப்ரொப்பின் இடுப்பு வெளியே விலகாமல் காப்பார். ஆர்ஜென்டீனாவில் சான் இசித்ரோ கழகத்தின் பயிற்றுநர் பிரான்சிஸ்கோ ஒகாம்போ இதையே ஒரு கலையாக வளர்த்தார். எட்டுப் பேரின் விசையும் சிதறாமல் நடுவிலுள்ள ஹூக்கரை நோக்கிக் குவிய வேண்டும், ஒரே குரலுக்கு ஒரே கணத்தில் எல்லாரும் தாழ்ந்து தள்ள வேண்டும் என்பது அவருடைய முறை. அந்த நாட்டு ஸ்க்ரம் உலகப் புகழ் பெற்றது இந்த வழியில்தான்.

அமெரிக்க உதைபந்தாட்டத்திலும் இதே பாடம் உண்டு. அங்கே பந்தெறியும் குவாட்டர்பெக்கைக் காக்க ஐந்து பேர் வரிசையாக நிற்பார்கள். 2021 பெப்ரவரியில் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணி சூப்பர் போலில் 31-9 என்று தோற்றது. காயத்தால் வரிசை சிதைந்து, அவர்களுடைய குவாட்டர்பெக் பெட்ரிக் மஹோம்ஸ் ஆட்டம் முழுக்க உயிரைக் காத்துக்கொள்ள ஓடிக்கொண்டிருந்தார். அடுத்த பருவத்தை அவர்கள் ஐந்து இடத்திலும் புதியவர்களோடு தொடங்கினார்கள். இருவரை வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள். க்ரீட் ஹம்ப்ரி, ட்ரே ஸ்மித் என்ற இரண்டு புதுமுகங்களைத் தெரிவில் எடுத்தார்கள். பலர் கவனிக்காதது அதற்குப் பிந்தியது: அவர்களில் நால்வரை அடுத்த பருவத்திலும் கலைக்காமல் வைத்திருந்தார்கள். 2023 பெப்ரவரியில் நடந்த சூப்பர் போலில், அந்தப் பருவத்தில் 70 தடவை எதிரணிக் குவாட்டர்பெக்குகளை வீழ்த்தியிருந்த ஃபிலடெல்ஃபியா அணியால் மஹோம்ஸை ஒருமுறைகூட வீழ்த்த முடியவில்லை. சீஃப்ஸ் 38-35 என்று வென்றது.

மாற்று வீரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2019 றக்பி உலகக் கிண்ண இறுதியாட்டம் யோக்கோஹாமாவில் நடந்தது. மூன்றாவது நிமிடத்திலேயே இங்கிலாந்தின் 3ஆம் இலக்க வீரர் கைல் சின்க்லர் அடிபட்டு வெளியேறினார். அவருக்குப் பதிலாக வந்த டேன் கோல் ஏறத்தாழ முழு ஆட்டத்தையும் தாங்க வேண்டியதாயிற்று. எதிரே தென்னாபிரிக்காவின் டென்டாய் ம்டவாரிரா. ஸ்க்ரம்மில் இங்கிலாந்து மீண்டும் மீண்டும் தண்டனை உதை கொடுத்தது. 32-12 என்று தோற்றது. தென்னாபிரிக்காவோ மாற்று இருக்கைகள் எட்டில் ஆறை முன்கள வீரர்களுக்கே ஒதுக்கியிருந்தது. 23 பேர் கொண்ட குழுவில் முன்வரிசையில் ஆடத் தெரிந்தவர்கள் ஆறு பேராவது வேண்டும் என்று விதியே சொல்கிறது. பயிற்சி பெற்ற ஆள் இல்லாமல் போனால் நடுவர் தள்ளாத ஸ்க்ரம் என்று அறிவித்துவிடுவார். ஆபத்தான இடத்தில் தெரியாதவனை நிறுத்தக் கூடாது என்பது நல்ல விதி.

நம் கழகங்களுக்கு நான் சொல்வது இது. முதல் ஆண்டில் 3ஆம் இலக்கத்துக்கு இருவரையும் அவர்களுக்குப் பின்னால் நிற்கும் லொக்கையும் தெரிவு செய்து மற்ற இடங்களைத் தொடாமல் விடுங்கள். அந்த மூவரும் தினமும் சேர்ந்து பயிற்சி எடுக்கட்டும். ஹூக்கரையும் 1ஆம் இலக்கத்தையும் இரண்டாம் ஆண்டில் பாருங்கள். பிஜியிலிருந்து ஆள் கொண்டுவந்து ஆடிய காலமும் நமக்கு உண்டு. வந்தவர்கள் நல்ல வீரர்கள். ஆனால் பருவம் முடிந்து அவர்கள் விமானம் ஏறியதும் கழகத்தில் எதுவும் மிஞ்சவில்லை.

இதைவிடப் பெரிய இழப்பு வேறு. ப்ரொப் ஒருவர் முழுதாகத் தேறுவதற்கு இருபதுகளின் பின்பாதி ஆகும். கழுத்துத் தசையும் முதுகும் எதிராளியின் தந்திரத்தைத் தோளாலேயே படிக்கும் அறிவும் அதற்கு முன் வருவதில்லை. நம் நாட்டிலோ பள்ளி றக்பியில் பல்லாயிரம் பேர் கைதட்டிப் பார்த்த பையன் இருபத்துமூன்று, இருபத்துநாலு வயதில் வேலை தேடி விளையாட்டை விட்டுப் போய்விடுகிறான், அல்லது வெளிநாட்டுக்கு விமானம் ஏறுகிறான். விங்கருக்கு அந்த வயது உச்சம். ப்ரொப்புக்கு அது பாலர் வகுப்பு.

கொட்டாஞ்சேனையின் புனித பெனடிக்ற் கல்லூரியிலும் றோயல் கல்லூரியிலும் தமிழ்மொழி மூலம் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் கனத்த உடம்புக்காரப் பையன்களை வீட்டில் "உனக்கு விளையாட்டுச் சரிவராது" என்று சொல்லி உட்கார வைக்கிறோம். இந்த ஒரு விளையாட்டில் முதல் அழைப்பு அவர்களுக்குத்தான். பெற்றோர் தயங்கினால் பயிற்றுநரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: கழுத்துப் பயிற்சி கொடுக்கிறீர்களா, இயந்திரத்தில் பழகாத பிள்ளையை ஆட்டத்தில் இறக்குவீர்களா? முதலாவதுக்கு ஆம், இரண்டாவதுக்கு இல்லை என்று பதில் வந்தால் தைரியமாக அனுப்புங்கள். கழக நிர்வாகிகளோ அடுத்த விங்கருக்கு எழுதும் காசோலையை ஒத்திவைத்துவிட்டு, 3ஆம் இலக்கப் பையன் ஒருவனுக்கு இருபத்தெட்டு வயதுவரை கொழும்பில் நிலையான வேலை ஒன்று பிடித்துக் கொடுங்கள்.