இணையப் பக்கத்தில் அட்டவணை



சென்ற ஆண்டு என் அண்டை வீட்டுப் பெண் ஒருத்தி, தேர்வு முடிவைக் கைப்பேசியில் கண்டுவிட்டு நண்பகல் முழுதும் அழுதுகொண்டிருந்தாள். மாலையில் அப்பக்கத்தை நான் வாங்கிப் பார்த்தேன். அவள் தேறியிருந்தாள்! எட்டுப் பத்திகள் கொண்ட அகன்ற அட்டவணை அது. பெயரிலிருந்து புறப்பட்ட அவள் கண், வலக்கோடியை அடைவதற்குள் ஒரு வரிசை கீழே சறுக்கிவிட்டது. பிழை அவளுடையதன்று, அட்டவணையை அமைத்தவருடையது என்பதே என் துணிபு.

இணையப் பக்கத்தின் பொருளை எழுதுவதற்கு எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழி உண்டு. அதன் தோற்றத்தை வகுப்பது 1996-இல் முதற்பதிப்பு வெளிவந்த சி.எஸ்.எஸ். நாம் ஒன்றும் சொல்லாவிடில், உலாவி அட்டவணையைக் கோடின்றி நெருக்கமாகக் காட்டும். கட்டந்தோறும் கோடிடச் சொன்னாலோ, ஒவ்வொன்றும் தனிப் பெட்டியாகி இடையே இரட்டைக் கோடு தோன்றும். 'பார்டர்-கொலாப்ஸ்' என்னும் பண்பினால் அவ்விரண்டையும் ஒன்றாக்கலாம். அதற்குப் பின்னும், சிறைக்கம்பி போல் நாற்புறமும் கோடிடுவது எனக்கு உவப்பன்று. கிடைக்கோடு மட்டும் இருந்தால் போதும். அன்றி, 'என்த்-சைல்டு' என்னும் தேர்வியால் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசைக்கு மெல்லிய நிறம் தீட்டலாம். அந்தப் பெண்ணின் கண்ணீரைத் தடுக்க அவ்வொரு விதியே போதுமாயிருந்திருக்கும்.

எண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 9, 85, 100 ஆகியவற்றை இடப்புறம் ஒட்டி ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். ஒன்பதின் நேர் கீழே எட்டும், அதன் கீழே நூற்றின் ஒன்றும் நிற்கும். தொடக்கப்பள்ளிக் கூட்டல் கணக்கில் இவ்வாறு எழுதினால் ஆசிரியர் விடுவாரா? ஆதலால் முழு எண்களை வலப்புறம் ஒட்டியே நிறுத்துக. (பத்துக்கும் நூற்றுக்கும் தனிக்குறி வைத்திருந்த பழந்தமிழ் எண்முறைக்கு இவ்வுத்தி உதவாது!) சில எழுத்துருக்களில் 1 ஒடுங்கியும் 8 அகன்றும் இருக்கும். 'டேபுலர்-நம்ஸ்' என்று கேட்டால், அவ்வசதி உள்ள எழுத்துரு எல்லா இலக்கங்களையும் ஒரே அகலத்தில் தரும்.

தலைப்புக் கட்டங்களில்தான் பலர் தவறுகின்றனர். சாதாரணக் கட்டத்தையே தடித்த எழுத்தாக்கிவிட்டால் கண்ணுக்குத் தலைப்பாகத் தோன்றும். ஆனால் பார்வையற்ற மாணவர், திரையை உரக்கப் படிக்கும் மென்பொருளைக் கொண்டு அதே அட்டவணையைக் கேட்கிறார். தடிப்பு அவருக்கு எட்டுவதில்லை. 'டி.எச்.' என்னும் தலைப்புக் குறியை இட்டு, அது பத்திக்குரியதா வரிசைக்குரியதா என்பதை 'ஸ்கோப்' மூலம் சுட்டினால், கட்டம்விட்டுக் கட்டம் நகரும்போது "கணிதம், 78" என்று அவர் செவியில் விழும். இன்றேல் வெறும் "78" மட்டுமே விழும். எந்தப் பாடத்திற்கு என்று அவர் தாமே எண்ணிக்கொண்டு வரவேண்டும்.