இருவருக்கும் ஹெச்.ஐ.வி. இருந்தால் ஆணுறை எதற்கு?

கணவன், மனைவி இருவருக்கும் ஹெச்.ஐ.வி. இருக்கிறது, இனி ஆணுறை எதற்கு? ஒருவருக்கு மட்டும் இருந்தால் தாம்பத்தியமே கூடாதா? கூட்டு மருந்து சாப்பிடும் தம்பதிகளுக்குள் இந்தக் கேள்விகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்பவர்கள்தான் குறைவு.

1986-ல் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் சென்னையில் நாட்டின் முதல் ஹெச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தபோது மருந்தே கிடையாது. 2004-ல் அரசின் இலவசக் கூட்டு மருந்து வந்தது. சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்கினால் துணைக்குத் தொற்றும் வாய்ப்பு 96 சதவீதம் குறைகிறது என்று, சென்னைத் தம்பதிகளும் பங்கேற்ற பன்னாட்டு ஆய்வு ஒன்று 2011-ல் காட்டியது. ரத்தத்தில் வைரஸ் அளவு கருவிக்கே தெரியாத அளவு குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவு வழியாகப் பரவாது என்பது இன்று உறுதியாகிவிட்டது. இதைச் சொன்னால் ஆணுறையை விட்டுவிடுவார்களே என்று பயந்து மறைப்பது அநியாயம். துணையைத் தொடவே அஞ்சி வாழ்பவர்களுக்கு இதைவிட ஆறுதலான செய்தி வேறில்லை.

அதற்காக ஆணுறையைத் தூக்கிப் போட முடியாது. மருந்து தொடங்கி வைரஸ் அடங்க ஆறு மாதம் வரை ஆகலாம். இடையில் மாத்திரையை விட்டால் வைரஸ் மறுபடி தலைதூக்கும். மருந்துக்கு அடங்காத வகையாகவும் மாறலாம். அது ஏற்கெனவே தொற்றுள்ள துணைக்கும் போகக்கூடும். மேகநோய் போன்ற பால்வினை நோய்களை மாத்திரை தடுக்காது. வேண்டாத கருவையும் தடுக்காது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் சிங்கப்பூர், வளைகுடா என்று பிழைக்கப் போய் எப்போதாவது ஊர் திரும்பும் ஆண்கள் ஏராளம். லீவில் வந்திருப்பவரிடம் மனைவி ஆணுறை என்று வாயெடுத்தால், “என் மேல சந்தேகமா?” என்று சண்டைதான் வரும். அந்தப் பாரத்தை அவள் தலையில் மட்டும் கட்டக் கூடாது. இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து ஆலோசகர் பேச வேண்டும். ஆனால், நோயாளியின் சம்மதமில்லாமல் விவரத்தை வெளியிட 2017-ம் ஆண்டு ஹெச்.ஐ.வி. சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. துணைக்குத் தெரிவிப்பதற்கும் அதில் நிபந்தனைகள் உண்டு.

ஹெச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையங்களில் ஆணுறை இலவசம். காலாவதித் தேதியைப் பாருங்கள். பர்ஸில் வைத்தால் சூட்டில் கெட்டுவிடும். பல்லால் கடித்துப் பிரிக்காதீர்கள். தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவினால் ரப்பர் நைந்து கிழியும். தண்ணீர் கலந்து செய்த ஜெல் பாதுகாப்பானது. நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் 1097 என்ற இலவச எண்ணில் பேரைச் சொல்லாமலே கேட்கலாம்.